நாடி பார்த்த கதை

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் நாடி என்றால் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகிற குழாய். இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம். (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இவை தமனி, சிரை.) ஓ.எல். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்த எனக்கு, வீட்டில் அம்மாச்சி சொல்லும் நாடி வேறு என்றுதான் எண்ணம். அவர் சொன்னது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்க்கிற துடிப்பை. வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலுக்கும் கணக்கு வைத்திருப்பார். குழாயில் குருதி ஓடினால்தான் அந்தத் துடிப்பே இருக்கும், ரெண்டும் ஒரே நாடிதான் என்பது எனக்கு உறைக்க சில வருஷம் ஆனது. அதுவும் அத்தையின் இடது கையில் நாடி காணாமல் போன பிறகுதான்.

அத்தை தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அப்போது வயது 32. "மலைக்கு ஏறிப் பத்து நிமிஷம் பறிச்சா போதும், இடது கை செத்த கை மாதிரி ஆகிருது" என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். கிலோ குறைந்தது. குறைந்தால் அரைப் பேர்தான். கங்காணி சோம்பல் என்றார். லயத்தில் குளிர்க்காற்று பட்டிருக்கும் என்று எண்ணெய் காய்ச்சித் தடவினார்கள். கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்தபோது வலது கையில் ஒரு கணக்கு வந்தது, இடது கையில் எதுவுமே கேட்கவில்லை. டிஸ்பென்சர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "இந்தக் கையில நாடியே கெடைக்கலையேம்மா" என்று சொல்லி, கண்டிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

கண்டியில் கழுத்தில் ஜெல் பூசி ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு சி.டி. அஞ்சியோகிராம் என்று ஒன்று. பெருநாடியிலிருந்து இடது கைக்குப் பிரிந்துபோகிற நாடி, ஓட்டம் நின்ற ஓடை மாதிரி ஓரிடத்தில் மெலிந்து மெலிந்து மறைந்துபோயிருந்தது. உடம்பைக் கீறாமல், இதயப் பக்கம் ஒரு குழாயும் விடாமல் அதைப் பார்த்துவிட்டார்கள். இது எப்படிச் சாத்தியமானது என்று தேடப் போய்க் கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கதையின் முடிவில் அத்தையிடம் திரும்பி வருவோம். ஏனென்றால், நூறு வருஷ விஞ்ஞானம் ஒரு சின்னச் சொல்லில் தடுக்கி விழுந்தது அங்கேதான்.

பிணத்தின் கையிலிருந்து உயிருள்ள கழுத்துக்கு

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அந்தக் கதிரில் எலும்பு பளிச்சென்று தெரிந்தது, நாடி தெரியவில்லை. எலும்பிலுள்ள கல்சியம் கதிரைத் தடுக்கிறது. குருதியும் அதைச் சுற்றியுள்ள தசையும் கதிருக்கு ஏறத்தாழ ஒன்றுதான். தண்ணீருக்குள் தண்ணீரைத் தேடுகிற வேலை அது.

அப்படியானால் குழாய்க்குள் கதிரைத் தடுக்கிற ஏதாவது ஒன்றை ஊற்றிப் பார்க்கலாமே? 1896 ஜனவரியில், ரொன்ட்ஜனின் அறிவிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் என்ற இருவர் இதைச் செய்தார்கள். இறந்த ஒருவரின் கை நாடிக்குள் சுண்ணாம்பு, பாதரசச் சேர்மம், பெற்றோலியம் கலந்த குழம்பைச் செலுத்தி, 57 நிமிடம் கதிர் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். விரல் நுனிவரை நாடிகள் கிளை கிளையாகத் தெரிந்தன. உலகின் முதல் அஞ்சியோகிராம் அதுதான். உயிருள்ளவருக்கு அதைச் செய்ய முடியாது. அந்தக் குழம்பே ஆளைக் கொன்றுவிடும்.

அத்தைக்கு வந்த நோயின் பெயரும் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. 1908இல் ஜப்பானிய கண் வைத்தியர் மிகிதோ தகயாசு, 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையில் குருதிக்குழாய்கள் மாலை கட்டினாற்போல் வளைந்து கிடப்பதை விவரித்தார். குருதிக்குழாயை வெட்டாமல் நேரே கண்ணால் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. அப்போது வேறு இரண்டு ஜப்பானிய வைத்தியர்கள், தாங்களும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்ததாகவும், அவர்கள் கையில் நாடித் துடிப்பு இல்லை என்றும் சொன்னார்கள். பெருநாடியும் அதன் கிளைகளும் வீங்கித் தடித்து அடைபடுகிற நோய் இது. பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வருவது, ஆசியாவில் கூடுதலாகக் காணப்படுவது. நாடியற்ற நோய் என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. ஆனால் தகயாசுவுக்குக் கண் மட்டுமே தெரிந்தது. நெஞ்சுக்குள் பெருநாடிக்கு என்ன ஆனது என்பதை உயிரோடிருக்கும் ஒருவரில் பார்க்க அவருக்கு வழியே இல்லை.

1927இல் போர்த்துக்கல்லின் லிஸ்பனில் எகாஸ் மொனிஸ் உயிருள்ளவரின் மூளை நாடிகளைப் படம் பிடித்தார். கழுத்தைக் கீறி நாடியை வெளியே எடுத்து, அதற்குள் சோடியம் அயடைட் கரைசலைச் செலுத்தினார். அதற்கு முன் வேறொரு மருந்தை முயன்றபோது ஒரு நோயாளி இறந்துபோனார். இன்றைக்கும் சி.டி. அறையில் ஏற்றுகிற மருந்தில் கதிரைத் தடுப்பது அதே அயடீன்தான்.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் என்ற சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் இன்னும் துணிந்து ஒன்று செய்தார். தன் கை நாளத்தைத் தானே திறந்து, மெல்லிய குழாய் ஒன்றை 65 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், குழாயின் நுனி இதயத்துக்குள் நிற்பதைப் படமெடுத்தார். திட்டுத்தான் கிடைத்தது. 1956இல் நோபல் பரிசும் கிடைத்தது. 1953இல் சுவீடனின் செல்டிங்கர், கீறாமல் ஊசி வழியே கம்பி விட்டு, கம்பியின் மேல் குழாயை ஏற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ செய்யும் அஞ்சியோகிராம் அந்த வழியில்தான் நடக்கிறது.

இந்தக் கதையில் ஓர் இருட்டுப் பக்கமும் உண்டு. 1930களில் தோரோட்ராஸ்ட் என்ற மருந்து பரவியது. படம் அருமையாக வந்தது, உடனே ஒரு கெடுதலும் தெரியவில்லை. ஆனால் அது தோரியம், கதிர்வீசும் உலோகம். உடம்பை விட்டு வெளியேறாமல் ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிட்டது. தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். ஒரு படம் எடுத்துக்கொண்டவர்களில் பலருக்கு இருபது, முப்பது வருஷம் கழித்து ஈரலில் புற்றுநோய் வந்தது.

ஆகவே, நாடியைப் பார்க்கலாம் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மிச்சமிருந்த கேள்வி, அதற்காக நோயாளியின் உடம்பு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதே. பிறகு வந்த ஐம்பது வருஷ வரலாறு அந்த விலையைக் குறைத்த வரலாறு. மூன்று திசைகளிலிருந்து அது வந்தது.

ஒலி

முதலாவது, அத்தையின் கழுத்தில் ஜெல் பூசி எடுத்த டொப்ளர் ஸ்கேன். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தடித்தும் கேட்கிறதல்லவா? கண்டி ஸ்டேசனில் நின்றால் தினமும் கேட்கலாம். அசைவால் அலை மாறும் இந்த விதியை 1842இல் கிறிஸ்டியன் டொப்ளர் சொன்னார், அதுவும் நட்சத்திரங்களின் நிறத்தை விளக்குவதற்காக. 1950களில் ஜப்பானின் ஒசாக்காவில் சதோமுரா அதை உடம்புக்குள் கொண்டுவந்தார். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பினால் ஓடுகிற குருதியணுக்களில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒலியின் மாற்றத்தைக் கொண்டு குருதி எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணக்கிடலாம். ஊசி இல்லை, கதிர் இல்லை. குழாய் குறுகினால் அங்கே ஓட்டம் வேகமெடுக்கும். மகாவலியில் பாறை இடுக்கில் தண்ணீர் சீறுவதுபோல.

ஆனால் எலும்பையும் காற்றையும் தாண்டி ஒலியால் சரியாகப் பார்க்க முடியாது. நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் பெருநாடி வளைவைப் பார்க்க வேறு கண் வேண்டும்.

துண்டங்கள்

அந்தக் கண் சி.டி. ஸ்கேன். ஒரே பக்கமிருந்து எடுத்த எக்ஸ்ரே ஒரு நிழல்தான். சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழல் எடுத்தால், அந்த நிழல்களைக் கணக்குப் போட்டு உள்ளே இருப்பதைக் கட்டியெழுப்பலாம். தென்னாபிரிக்காவில் பிறந்த கோர்மக் 1963இலும் 1964இலும் இதன் கணிதத்தை வெளியிட்டார். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் இயந்திரத்தைக் கட்டினார். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனின் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. இருவருக்கும் 1979இல் நோபல் பரிசு.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதே இடத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம், 1971 செப்டெம்பரில், அமெரிக்க அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை செய்து, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர். பிறகு பெங்களூர் போனார். நிழல்களை அப்படியே திருப்பிப் பூசினால் படம் புகை மூட்டமாக வரும். ஒவ்வொரு நிழலையும் பூசுவதற்கு முன்னால் அதன் விளிம்புகளைக் கூராக்கும் ஒரு வடிகட்டியில் போட்டெடுத்தால் படம் தெளியும், கணக்கும் வேகமாக முடியும் என்று அந்தக் கட்டுரை காட்டியது. வானொலி வானியலில் இதேபோன்ற வழி 1967இலேயே தோன்றியிருந்தாலும், உலகமெங்கும் சி.டி. பாடப்புத்தகங்களில் அந்த வடிகட்டிக்கு இன்றும் ராம்-லாக் என்றே பெயர். ராமச்சந்திரனில் பாதி, லட்சுமிநாராயணனில் பாதி.

அன்றைய சி.டி. நாடியைப் பார்க்க உதவாது. ஒரு துண்டம் எடுக்கவே நாலைந்து நிமிஷம். நாளத்தில் ஏற்றிய அயடீன் மருந்தோ, இதயத்தின் வலப்பக்கம் போய், நுரையீரலைச் சுற்றி, இடப்பக்கம் வந்து, சுமார் இருபது வினாடியில் பெருநாடிக்கு வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கலைந்தும் போகும். சாமி தேர் நம் தெருமுனையைத் தாண்டுகிற அந்தக் கணத்தில் கமரா தயாராக இருக்க வேண்டும்.

1989இல் வில்லி கலெண்டர் காட்டிய சுருள் சி.டி. அந்தப் பிரச்சினையைத் தீர்த்தது. கதிர்க்குழாய் நிற்காமல் சுழல, படுக்கை நிற்காமல் நகர்ந்தது. 1998இல் ஒரு சுற்றில் 4 துண்டங்கள், 2004 வாக்கில் 64. நெஞ்சு முழுவதும் சில வினாடியில் முடிந்தது. நாடிக்குள் குழாய் விடத் தேவையில்லை, கை நாளத்தில் ஒரு ஊசி போதும். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தச் சில வினாடிகள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும்.

காந்தம்

மூன்றாவது எம்.ஆர்.ஐ. 1973இல் லோட்டர்பர் முதல் படத்தை வெளியிட்டார். 2003இல் மான்ஸ்ஃபீல்டோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1980களில் இதில் ஓர் அழகான தந்திரம் கண்டுபிடித்தார்கள். பெரஹரவை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவோரம் அசையாமல் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து "கை தூக்கு, கை தூக்கு" என்று விடாமல் கத்தினால் கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய் யாரும் தூக்க மாட்டார்கள். புதிதாகத் தெருவுக்குள் வரும் ஊர்வலக்காரர்கள் மட்டும் தூக்குவார்கள். அதேபோல் வானொலி அலையை விடாமல் அடித்தால் அசையாத தசை களைத்து மங்கிவிடும். புதிதாக உள்ளே ஓடிவரும் குருதி மட்டும் பிரகாசிக்கும். மருந்தே ஏற்றாமல் நாடியின் படம் கிடைத்துவிடும். 1990களின் முதல் பாதியில் கடோலினியம் என்ற மருந்தோடு இன்னும் தெளிவாக எடுக்கத் தொடங்கினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் பாதுகாப்பானது என்று நம்பியிருந்த பிறகு, 2006இல்தான் தெரிந்தது: சிறுநீரகம் மிகவும் பழுதான சிலருக்கு அந்த மருந்தின் சில வகைகளால் தோல் கல்லாக இறுகும் நோய் வருகிறது என்று. விலை குறைந்தது, ஆனால் ஒருபோதும் பூச்சியமாகவில்லை.

இது நம் பக்கத்தில் சும்மா கடந்துபோகிற செய்தி இல்லை. மகியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கமிருந்து காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு கண்டிக்கு வருகிறவர்களைக் கிளினிக் வரிசையில் பார்த்திருப்பீர்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அயடீன் மருந்தும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் பார்க்கிறார்கள், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, வயிற்றில் பிள்ளை உண்டா என்று கேட்கிறார்கள். கேட்க மறந்தால் நாமாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கும் ஒரு மொழி வேண்டும்.

லயத்திலிருந்து இயந்திரம் வரைக்கும்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அத்தையின் தோட்டத்திலிருந்து அது பக்கம்தான். தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்ப்பது துரைமாரின் கடமை என்று 1912இல் ஒரு சட்டம் வந்தது. நடைமுறையில் அந்தக் கடமை ஒரு டிஸ்பென்சரி, ஒரு டிஸ்பென்சர் என்ற அளவில் நின்றது. இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் பேராதனையில் 1962இல் தொடங்கியது. போதனா வைத்தியசாலை 1980இல் வந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1990களில். தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகக் கண்டிக்கு வரும் பஸ் பல்கலைக்கழக மரங்களுக்கு நடுவேதான் ஓடுகிறது. அந்தப் பஸ்ஸில் தினமும் போய் வரும் எத்தனை பேருக்கு அந்தக் கட்டடங்களுக்குள் நடப்பது நமக்கும் சேர்த்துத்தான் என்ற எண்ணம் இருக்கிறது?

இனி அத்தையின் கதை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, ஆள்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஊசி ஏற்றி அத்தையை வளையத்துக்குள் அனுப்பிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கதிர் உள்ளதால் யாரும் கூட நிற்க முடியாது. இயந்திரம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. ஒலிபெருக்கியில் ஒருவர் சிங்களத்தில் சொன்னார். மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவும் என்று யாரோ சொன்னதும் அத்தைக்கு விளங்கியிருக்கவில்லை. சூடு ஏறியதும் பயந்துபோய், "என்னங்க? என்ன சொல்றீங்க?" என்று தலையைத் தூக்கிக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். தேர் தெருமுனையைத் தாண்டிவிட்டது. படம் கலங்கிப்போனது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இன்னொரு ஊசி, இன்னொரு தடவை மருந்து, இன்னொரு தடவை கதிர், இன்னொரு நாள் பேர் நட்டம்.

1896இல் 57 நிமிடமாக இருந்ததை நூறு வருஷம் பாடுபட்டுச் சில வினாடியாகக் குறைத்தார்கள். வியன்னா, லிஸ்பன், ஒசாக்கா, பெங்களூர், லண்டன் எல்லாம் சேர்ந்து நோயாளியிடம் கடைசியில் கேட்டது ஒரே ஒரு மூச்சை. அந்த ஒரு மூச்சைத் தமிழில் கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல்.

இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அத்தைக்குப் பாடம் நடத்தினேன். "ஹுஸ்ம கன்ன என்றால் மூச்சை இழுங்க. அல்லாகென இன்ன என்றால் அடக்கிக்கிட்டே இருங்க. சூடா இருக்கும், பயப்படாதீங்க." கலஹாவிலிருந்து பேராதனை வரைக்கும் அத்தை மூச்சை இழுத்து இழுத்து அடக்கிப் பழகினார். முன் சீட்டு அம்மா ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குப் படம் சரியாக வந்தது.

இப்போது மாத்திரையில் இருக்கிறார். இளம் பெண்களுக்குத் திரும்பத் திரும்பக் கதிர் கொடுக்கக்கூடாது என்பதால் இனிப் பார்ப்பதைக் கூடுமானவரை டொப்ளரிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்க்கலாம் என்றார் டொக்டர். இடது கை பழையபடி ஆகவில்லை. ஆனால் அது சோம்பல் இல்லை என்று கங்காணிக்குக் காட்ட ரிப்போர்ட் இருக்கிறது.

சி.டி. இயந்திரங்களில் மூச்சுக் கட்டளையை வேண்டிய குரலில் பதிந்து வைக்கிற வசதி இருக்கிறது. தேவை மூன்று வாக்கியம்: மூச்சை நல்லா இழுங்க. அப்படியே அடக்கிக்கிட்டு அசையாம இருங்க. இப்ப விடலாம். பதிய ஐந்து நிமிஷம் போதும். பேராதனையில் துணை மருத்துவ விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராஃபி பட்டப்படிப்பு இருக்கிறது. ஏ.எல். விஞ்ஞானப் பிரிவில் இருக்கிற தம்பி தங்கச்சிமார் மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற வேலையையும் யோசித்துப் பாருங்கள். அங்கே உங்கள் குரல் இருந்தால் இன்னொரு அத்தை பஸ்ஸில் பாடம் படிக்க வேண்டியிருக்காது.